சிம் ரேசிங்கில் அணி ரேடியோ: எந்தச் சேனல், யார் குரல், எந்தச் சொல்?

சிம் ரேசிங் என்பது கணினியில் ஸ்டீயரிங் வைத்து ஓட்டுகிற கார்ப் பந்தயம், ஐரேசிங் அதில் ஒரு விளையாட்டு. அதைப் பற்றித் திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "நாங்கள் மூன்று நண்பர்கள் சேர்ந்து ஐரேசிங்கில் ஒரே காரை மாறி மாறி ஓட்டும் அணியாக ஓடத் தொடங்கியிருக்கிறோம். போன பந்தயத்தில் விளையாட்டுக்குள்ளேயே இருக்கிற ரேடியோவைப் பயன்படுத்தினோம். முன்பின் தெரியாதவர்கள் பேசியதெல்லாம் கேட்டது, என் அணிக்காரன் பேசியது மட்டும் கேட்கவில்லை. உள்ளே இருக்கிற சேனலே போதுமா, வெளியே டிஸ்கோர்ட் என்கிற குரல் அரட்டைச் செயலி வைக்க வேண்டுமா?"

தம்பி, இரண்டும் வேண்டும். ஆனால் இரண்டுக்கும் வேலை வேறு. இந்த ஒரு வரியோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் இரண்டையும் ஒழுங்காக அமைத்த பிறகும் நாங்கள் ஒரு பந்தயத்தைக் கோட்டை விட்டிருக்கிறோம். அதற்குக் காரணம் சேனல் இல்லை, "வேண்டாம்" என்கிற ஒரு தமிழ்ச் சொல். அதைச் சொல்லாமல் விட்டால் பதில் பாதிதான்.

முதலில் உங்கள் சிக்கல். ஐரேசிங்கின் ரேடியோவை தொலைபேசி அழைப்பு மாதிரி நினைத்துக்கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது. அது படகில் இருக்கிற வி.எச்.எஃப். ரேடியோப் பெட்டி மாதிரியானது. பெட்டி ஒன்று, அலைவரிசைகள் பல. ஆல்டீம்ஸ், டிரைவர்ஸ், டீம், கிளப், அட்மின், ரேஸ்கன்ட்ரோல், பிரைவேட் என்று அவற்றுக்குப் பெயர். இவற்றில் ஒன்றில்தான் உங்கள் பெட்டி நிற்கும். பொத்தானை அழுத்தினால் உங்கள் குரல் போவது அந்த ஒன்றில் மட்டும். காதுக்கு வருவது வேறு கதை. ஸ்கேன் என்கிற வசதி திறந்திருந்தால் மற்றச் சேனல்களில் பேசுவதும் உங்களுக்குக் கேட்கும். ஆகவே எல்லாருடைய குரலும் கேட்கிறது என்பதற்காக, நீங்கள் பேசுவது சரியான இடத்துக்குப் போகிறது என்று நினைத்துவிட முடியாது. போன பந்தயத்தில் உங்கள் நண்பர் டிரைவர்ஸ் சேனலில் நின்று உங்களைக் கூப்பிட்டிருப்பார், நீங்கள் இரைச்சல் தாங்காமல் அந்தச் சேனலையே ஊமையாக்கியிருப்பீர்கள். பத்துக்கு எட்டுப் பேருக்கு நடப்பது இதுதான்.

இந்தச் சேனல்களுக்குள் மேல் கீழ் உண்டு. விளையாட்டு வெளியே தருகிற டெலிமெட்ரி (ஓட்டத் தரவு) விவரத்தைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு முன்னுரிமை எண் இருக்கும். ஆல்டீம்ஸுக்கு 12, டிரைவர்ஸுக்கு 15, டீம் சேனலுக்கு 60. அதற்கும் மேலே பிரைவேட், ரேஸ்கன்ட்ரோல், எல்லாவற்றுக்கும் உச்சியில் அட்மின். வீதியில் போகிறவர்களின் சத்தத்தைவிட வீட்டுக்காரர் குரல் பெரிது, அதைவிட நடுவர் குரல் பெரிது என்று வைத்துத்தான் இதைக் கட்டியிருக்கிறார்கள். ஆகவே உள்ளே இருக்கிற ரேடியோவில்தான் அணியோடு பேசுவதென்றால், பந்தயத்துக்கு முன் பிட்டில் (டயர் மாற்றி எரிபொருள் நிரப்புகிற நிறுத்துமிடத்தில்) நிற்கும்போதே அதை டீம் சேனலில் நிறுத்திவிடுங்கள், ஸ்கேனைத் திறந்தே வையுங்கள், தொல்லை செய்கிற ஆளை மட்டும் தனியாக ஊமையாக்குங்கள். ஒருவர் கத்துகிறார் என்பதற்காக முழுச் சேனலையும் அடைக்காதீர்கள். முன்னால் வளைவில் கார் சுழன்று குறுக்கே நிற்கிறது என்ற செய்தியும், "நான் பிட்டுக்குத் திரும்புகிறேன், பின்னால் வருகிறவர் கவனம்" என்ற செய்தியும் அங்கேதான் வரும். முதல் சுற்று முடியும்வரை மட்டும் அடைத்து வைப்பதை நான் தவறென்று சொல்ல மாட்டேன். முதல் வளைவுக்குப் பிறகு அங்கே நடப்பது மீன் சந்தை.

இனி டிஸ்கோர்ட். உள்ளே இருக்கிற டீம் சேனல் நன்றாகத்தான் வேலை செய்கிறது. கூடுதல் மென்பொருள் தேவையில்லை. ஓட்டுபவரும் ஸ்பொட்டராக, அதாவது சுற்றியிருக்கும் கார்களைப் பார்த்துச் சொல்பவராக, உள்ளே வந்திருப்பவரும் பேசிக்கொள்ளலாம். அப்படியிருந்தும் அதை மட்டும் நம்பாதீர்கள் என்று சொல்வதற்கு எனக்கு ஒரே காரணம்தான்: விளையாட்டு அறுந்தால் குரலும் சேர்ந்து அறுந்துபோகும். கார் காணாமல் போகிற அந்தக் கணத்தில்தான் அணிக்கு உங்கள் குரல் மிக அதிகமாகத் தேவைப்படும்.

2025 பெப்ரவரி 9 உங்களுக்கு நினைவிருக்கும். பாணந்துறையில் ஒரு குரங்கு துணை மின்நிலையத்துக்குள் புகுந்ததில் நாடு முழுவதும் இருண்ட ஞாயிற்றுக்கிழமை. உவர்மலையில் என் வீட்டில் நான் பயிற்சி ஓட்டத்தில் இருந்தேன். திரை அணைந்தது, ரவுட்டர் அணைந்தது, தலைக்கு மேல் மின்விசிறி மெல்ல நின்றது. ரொறன்ரோவிலிருந்த என் பெரியம்மா மகன், நான் கோபித்துக்கொண்டு போய்விட்டேன் என்று நினைத்திருக்கிறார். அதற்கு முந்தின சுற்றில்தான் என் பிரேக் போடும் இடத்தைப் பற்றி ஏதோ சொல்லியிருந்தார். அன்றிலிருந்து ஒரு வழக்கம்: கைத்தொலைபேசி மேசையில் இருக்கும், வீட்டு வைஃபையில் இல்லாமல் மொபைல் டேட்டாவில் இருக்கும், டிஸ்கோர்டில் அணிச் சேனலுக்குள் ஏற்கெனவே நுழைந்திருக்கும், மைக்கும் ஒலியும் அடைத்திருக்கும். மின்சாரம் போனால் தொலைபேசியை எடுத்து ஒரே சொல் சொன்னால் போதும், அடுத்தவர் காருக்குள் ஏறத் தயாராவார். டேட்டா கரைந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். டிஸ்கோர்ட் குரல் சேனலின் வழக்கமான அளவு வினாடிக்கு 64 கிலோபிட். ஒருவர் ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் பேசினாலும் குரலுக்கு ஏறக்குறைய 29 மெகாபைட்தான் ஆகும். பொத்தானை அழுத்திப் பேசுகிறவர்களுக்கு அதில் சிறு பங்குதான் போகும்.

அசெட்டோ கோர்சா கொம்பெட்டிசியோனே ஓடுகிறவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. அதற்குள் குரல் வசதி கிடையாது, எழுத்தில் அனுப்பும் செய்தி மட்டும்தான். அவர்கள் எப்படியும் வெளியே போய்த்தான் ஆக வேண்டும்.

ஆகவே எங்கள் ஏற்பாடு இது. அணிப் பேச்சு டிஸ்கோர்டில். ஆகவே விளையாட்டின் ரேடியோ நிற்பது டிரைவர்ஸ் சேனலில், மற்ற அணிகளோடு பேச: மன்னிப்புக் கேட்க, பிட்டுக்குத் திரும்புவதை அறிவிக்க, வேகமான கார் எந்தப் பக்கமாகக் கடக்கப் போகிறது என்று சொல்ல. உள்ளே இருக்கிற டீம் சேனல் டிஸ்கோர்டுக்கு மாற்று. டிஸ்கோர்ட் விழுந்தால் அங்கே சந்திப்பது என்று முன்பே பேசிவைத்திருக்கிறோம்.

இதனால் ஸ்டீயரிங்கில் பேசும் பொத்தான்கள் இரண்டு ஆகின்றன. தயவுசெய்து அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒன்று இடது கட்டைவிரலுக்கு, மற்றது வலதுக்கு. நான் வைத்திருந்தது அடுத்தடுத்து. ஒரு நாள் எனக்கு முன்னால் போன காரைப் பற்றி, அவர் வளைவுக்குள் நுழைகிற விதத்தைப் பற்றி, அவருக்கு வண்டி ஓட்டப் பழக்கிய ஆளைப் பற்றி என் அணிக்கு விரிவாக ஒரு கருத்துச் சொன்னேன். கூடவே, அடுத்த சுற்றில் நாங்கள் பிட்டுக்குப் போகப் போவதையும் சொன்னேன். எல்லாம் டிரைவர்ஸ் சேனலில் போய்விட்டது. தமிழில்தானே, யாருக்குப் புரியப் போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தபோது முன்னால் போன காரிலிருந்து அமைதியாக ஒரு குரல் வந்தது: "அண்ணா, எனக்கும் தமிழ் தெரியும்." அந்த அணியும் அதே சுற்றில் பிட்டுக்கு வந்தது. பொத்தானை அழுத்தும்போது திரையின் ஓரத்தில் எந்தச் சேனல் தெரிகிறது என்று பார்க்கிற பழக்கம் எனக்கு அன்று வந்தது.

சொல்லப் போனால், ரேடியோ ஒழுங்கை எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது எந்த விளையாட்டும் இல்லை. என் சித்தப்பா கொட்பே துறைமுகத்திலிருந்து பலநாள் படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர். படகு வி.எச்.எஃப்.பில் 16ஆம் சேனல், 156.8 மெகாஹேர்ட்ஸ், உலகம் முழுவதும் ஆபத்துக்கும் அழைப்புக்கும் என்று ஒதுக்கப்பட்டது. அதில் ஆளைக் கூப்பிடலாம், ஆனால் நின்று கதைக்கக் கூடாது. மறுமுனை கிடைத்ததும் இன்ன சேனலுக்கு வா என்று சொல்லிவிட்டு இருவரும் அங்கே போய்விட வேண்டும். 16 எப்போதும் காலியாக இருக்க வேண்டும், ஏனென்றால் எந்த நிமிடத்தில் யார் அதில் உதவிக்குக் கூப்பிடுவார் என்று தெரியாது. சிறுவனாக இருந்தபோது அந்தப் பெட்டியின் மைக்கைப் பிடித்து விளையாடியதற்கு அவரிடம் நான் வாங்கிய குட்டு இப்போதும் உச்சியில் இருக்கிறது.

டிஸ்கோர்டிலும் அப்படியே இரண்டு அறை வைத்திருக்கிறோம். ஒன்று "கார்". அதில் ஓட்டுபவரும், வெளியே இருந்து பிட், டயர், எரிபொருள் கணக்கைப் பார்த்துச் சொல்கிற எஞ்சினியரும் மட்டும். மற்றது "கரை". ஓய்வில் இருப்பவர்கள், சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள், வேடிக்கை பார்க்க வந்த நண்பர்கள் எல்லாரும் அங்கே. கிரிக்கெட், கல்யாணப் பேச்சு, என்ன வேண்டுமானாலும் அங்கே பேசலாம். கரையிலிருந்து காருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எஞ்சினியர் வழியாகத்தான். மூன்று பேர் கொண்ட சிறிய அணிக்கு இதெல்லாம் ஆடம்பரமாகத் தோன்றும். ஓட்டுகிறவர் 250 கிலோமீற்றர் வேகத்தில் இருக்கும்போது காதுக்குள் யாரோ கொத்துரொட்டி பார்சல் வந்துவிட்டதா என்று கேட்கிற நாளில் தோன்றாது. அந்த வேகத்தில் கார் ஒரு வினாடிக்கு 69 மீற்றர் போகும்.

டிஸ்கோர்ட் மாதிரியே இன்னொரு குரல் செயலியான டீம்ஸ்பீக்கைப் பயன்படுத்துகிறவர்களுக்கு விஸ்பர் என்ற வசதி உண்டு. எல்லாரும் ஒரே அறையில் இருந்தாலும் எஞ்சினியர் ஒரு பொத்தானால் ஓட்டுபவர் காதுக்கு மட்டும் பேசலாம். பெரிய அணிகள் இன்னும் அதைக் கைவிடாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். உங்களுக்கு இப்போது அது தேவையில்லை.

இனி "வேண்டாம்" கதைக்கு வருகிறேன். 2024 மார்ச்சில் ஐரேசிங்குக்குள் மழை வந்தது. அதற்குப் பிறகு பெல்ஜியத்தின் ஸ்பா பாதையில் ஒரு நீண்ட பந்தயம். காரில் ரொறன்ரோ அண்ணா, எஞ்சினியராக நான். தூறல் தொடங்கியது. "பிட்டுக்கு வரவா?" என்று கேட்டார். வானிலைப் படத்தில் மேகம் ஓரமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. "இந்தச் சுற்றில் பிட்டுக்கு வரவேண்டாம்" என்று சொன்னேன். சொல்லி முடிக்கும் முன்பே விரல் பொத்தானை விட்டுவிட்டது. அவர் காதில் விழுந்தது "இந்தச் சுற்றில் பிட்டுக்கு வர". வந்தார். மழை டயர் மாட்டினோம். ஐந்து நிமிடத்தில் தூறல் நின்றது, திரும்ப வந்து காய்ந்த பாதைக்கான டயர் மாட்டினோம். போய் வந்ததில் ஏறக்குறைய ஒரு சுற்று போய்விட்டது. அவர் மேல் பிழையில்லை. கேட்டதைத்தான் செய்தார்.

அன்று இரவு முழுவதும் யோசித்தேன். தமிழில் நாம் வினையைக் கடைசியில் வைக்கிறோம். ஆமா இல்லையா என்பது அந்த வினைக்கும் வாலில் வருகிறது. வரலாம், வரவேண்டும், வரவேண்டாம், வரமுடியாது: நான்கும் ஒரே மாதிரித் தொடங்குகின்றன, முடிவில்தான் பிரிகின்றன. வீட்டுத் திண்ணையில் பேசும்போது இது நம் மொழியின் அழகு. பொத்தானை அழுத்திப் பேசும் ரேடியோவில், கடைசி அரை வினாடியை விழுங்கிவிடுகிற பழக்கம் உள்ள விரலோடு, இதுவே கண்ணி. ஆங்கிலத்தில் ஓடுகிறவர்கள் எழுதிவைத்த அறிவுரைகளில் இதற்கு மருந்து இருக்காது, ஏனென்றால் அவர்களுக்கு இந்த நோயே இல்லை. அவர்கள் மறுப்பை வாக்கியத்தின் முன்பக்கம் வைக்கிறார்கள்.

எங்கள் அணியில் இப்போது ரேடியோவில் எதிர்மறையே கிடையாது. பிட்டுக்கு வரவேண்டுமென்றால் "பிட், பிட்". வராமல் இருக்க வேண்டுமென்றால் "வெளியே, வெளியே". இரண்டும் காதுக்கு ஒட்டும் உறவும் இல்லாத சொற்கள். எப்படி வெட்டுப்பட்டாலும் ஒன்று மற்றதாக மாறாது. இரண்டு முறை சொல்வதால் ஒன்று விழுங்கப்பட்டாலும் மற்றது மிஞ்சும். ஃபார்முலா 1இல் பிட்டுக்கு வா என்பதை "பொக்ஸ், பொக்ஸ்" என்று இரட்டித்துச் சொல்வதும் இதே சூட்சுமம்தான், அந்தச் சொல் ஜெர்மன் மொழியிலிருந்து வந்தது. முடிவை முதலில் சொல்லிவிட்டு, நேரம் இருந்தால் பிறகு காரணம். "மேகம் வடக்கே போகிறது, பாதை இன்னும் காய்ந்துதான் இருக்கிறது, அதனால்..." என்று தொடங்குகிற எஞ்சினியரை முதல் பந்தயத்திலேயே மாற்றிவிடுங்கள். அந்த எஞ்சினியர் நானாகத்தான் இருந்தேன்.

விரலுக்கும் ஒரு பயிற்சி உண்டு. அழுத்து, ஒரு மூச்சு, பேசு, ஒரு மூச்சு, விடு. சித்தப்பாவின் மைக்கிலும் இதேதான். முன்பக்க மூச்சு இல்லாவிட்டால் முதல் எழுத்து போகும், பின்பக்க மூச்சு இல்லாவிட்டால் "வேண்டாம்" போகும்.

திசைச் சொற்களிலும் இதே வில்லங்கம். "இடது", "வலது" இரண்டும் மூன்று எழுத்து, ஒரே தாளம், ஒரே முடிவு. எஞ்சின் சத்தத்துக்கு நடுவில் முதல் எழுத்து கேட்காவிட்டால் எஞ்சுவது ஏதோ ஒரு "அது". சரி, லெஃப்ட் ரைட் என்று வைத்தோம். இது எங்கள் ஊரில் இன்னும் மோசம். நிலாவெளி பஸ்ஸில் ஏறிப் பழகிய எவருக்கும் "ரைட்" என்றால் வலது பக்கம் என்று பொருளில்லை. ஆள் ஏறியாகிவிட்டது, வண்டியை எடு என்று நடத்துனர் சொல்வது அது. பாரிஸில் இருக்கிற எங்கள் மூன்றாவது ஆள், இருபது வருடத்துக்கு முன் இங்கிருந்து போனவர், அந்தச் சொல்லைக் கேட்டதும் வலது பக்கம் இருந்த காரின் மேலேயே ஆக்சிலரேட்டரை மிதித்தார். கடைசியில் இடதுக்கு "லெஃப்ட்", வலதுக்கு "வலது" என்று கலந்து வைத்துக்கொண்டோம். இலக்கணக்காரர்கள் மன்னிக்க வேண்டும், காதுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. பக்கம் விலகிவிட்டது என்பதற்கு "காலி" என்று சொன்னோம், தெற்கே இருக்கிற ஊர்ப் பெயர் என்று இரண்டு நாள் கேலி செய்துவிட்டுப் பழகிக்கொண்டார்கள்.

பழகிய பிறகு அந்த வேலையையே மனிதர்களிடமிருந்து எடுத்துவிட்டேன் என்பது வேறு விஷயம். கணக்குப் பாருங்கள். பின்னால் வருகிற கார் உங்களைவிட மணிக்கு 30 கிலோமீற்றர் வேகமாக வருகிறது. அது வினாடிக்கு 8 மீற்றருக்குக் கொஞ்சம் மேல். உங்கள் ஸ்பொட்டர் ரொறன்ரோவில் இருந்து தன் திரையில் பார்க்கிறார். அந்தப் படமே தாமதமாகத்தான் அவருக்குப் போயிருக்கும். பார்த்து, வாயைத் திறந்து, குரல் திரும்பக் கடல் கடந்து வருவதற்குள் அரை வினாடி சாதாரணமாகப் போய்விடும். கண்ணாடி இழையில் ஒளி மில்லிவினாடிக்கு 200 கிலோமீற்றர்தான் ஓடும், எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு கட்டினாலும் அதைவிட வேகம் கிடைக்காது. அரை வினாடியில் அந்தக் கார் 4 மீற்றர் முன்னேறியிருக்கும், அதாவது கிட்டத்தட்ட ஒரு கார் நீளம். "காலி" என்று கேட்கும்போது பக்கத்தில் கார் இருக்கும், "வலது" என்று கேட்கும்போது கடந்து போயிருக்கும். க்ரூ சீஃப் என்ற இலவச மென்பொருள் உங்கள் கணினியிலேயே இருந்து, விளையாட்டு தருகிற இடவிவரத்தை நேரடியாகப் படித்துச் சொல்கிறது. ஐரேசிங்குக்கு உள்ளேயும் ஒரு ஸ்பொட்டர் குரல் உண்டு. பக்கத்தில் கார் இருக்கிறதா இல்லையா என்பதை இயந்திரத்துக்கு விடுங்கள். மனிதக் குரல் எரிபொருளுக்கும், டயருக்கும், மழைக்கும், அரைச் சுற்றுக்கு முன்னால் நடந்த விபத்துக்கும். அரை வினாடித் தாமதம் பொருட்டில்லாத செய்திகள் அவைதான்.

எண்களைச் சொல்லும்போது இலக்கமாகப் பிரித்தும் சொல்லுங்கள். "நாற்பத்தெட்டு லீற்றர், நாலு, எட்டு." ஒன்பது வெட்டுப்பட்டால் ஒன்று மாதிரி ஒலிக்கும். ஏழும் எட்டும் மோசமான மைக்கில் அண்ணன் தம்பி. ஓட்டுபவர் கேட்ட எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சரி, ம், ஓகே எதுவும் பதில் ஆகாது. திருப்பிச் சொன்னால்தான் செய்தி போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு.

எப்போது பேசுவது என்பது பாதைக்குப் பாதை மாறும். ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். 6.213 கிலோமீற்றர். மலை ஏறத் தொடங்கினால் ஃபொரஸ்ட்ஸ் எல்போ வளைவில் இறங்கி முடிக்கும்வரை இரண்டு பக்கமும் சுவர் உரசுகிற தூரத்தில் இருக்கும். அங்கே எஞ்சினியர் வாயைத் திறக்கக் கூடாது. தீப்பிடித்தால் மட்டும் விதிவிலக்கு என்று நாங்கள் சொல்வதுண்டு, நம் காருக்கு அது நடக்காது. இறங்கியதும் கொன்ரொட் ஸ்ட்ரெயிட், நேரே ஓடுகிற நீண்ட பாதை. சொல்ல வேண்டியதை அங்கே சொல்லி, பதிலும் வாங்கிவிடலாம். ஸ்பாவில் அந்த இடம் ரெய்டியோன் ஏற்றத்தைத் தாண்டிய கெம்மல் நேர்பாதை. பிரான்சின் லெ மான்ஸில் முல்சான் நேர்பாதை, நடுவில் 1990இல் வைத்த இரண்டு சிக்கேன்களில் (வேகத்தைக் குறைக்கும் நெளிவுகளில்) மட்டும் பேச்சை நிறுத்திக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பாதைக்கும் பேசும் இடத்தைப் பயிற்சியிலேயே குறித்துவைத்தால், ஓட்டுபவருக்கு எங்கே தன் காது தனக்குச் சொந்தம் என்று தெரியும்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை, வெளிநாட்டு உறவினர்களோடு ஓடுகிறவர்களுக்காக. ஜனவரியில் ரொறன்ரோவைவிட நாம் பத்தரை மணி நேரம் முன்னால், பாரிஸைவிட நாலரை. "எட்டு மணிக்கு நீ ஏறு" என்று ரேடியோவில் சொன்னால் யாருடைய எட்டு? பந்தயத்தில் இன்னும் எத்தனை மணி மீதம் என்பதை மட்டுமே நாங்கள் சொல்கிறோம், அந்தக் கடிகாரம் எல்லாருக்கும் ஒன்று. யார் எத்தனை சுற்று ஓடினார் என்ற கணக்கும் எஞ்சினியரிடம் இருக்க வேண்டும். ஐரேசிங்கில் ஒவ்வொருவரும் தன் சமபங்கில் கால்பங்காவது ஓடியிருக்க வேண்டும் என்பது விதி. மூவர் அணி 600 சுற்று முடித்தால் சமபங்கு 200, ஆளுக்குக் குறைந்தது 50. பாரிஸ்காரர் தூங்கிப்போனால் இந்தக் கணக்கு இடிக்கும், ஆகவே அவருடைய வீட்டுக்காரம்மாவின் எண்ணும் என்னிடம் இருக்கிறது.

ரேடியோவால் ஆகாத வேலையும் ஒன்று உண்டு. 2013 மலேசிய ஃபார்முலா 1 பந்தயத்தில் ரெட்புல் அணியின் செய்தி "மல்டி 21": 2ஆம் எண் கார் முன்னால், 1ஆம் எண் கார் பின்னால் முடிக்க வேண்டும். சுருக்கமான குறி, தெளிவான குரல், சரியான நேரம். 1ஆம் எண் காரில் இருந்த வெட்டலுக்கு நன்றாகவே புரிந்தது. ஆனாலும் 2ஆம் எண் காரில் இருந்த வெப்பரைக் கடந்து போய் வென்றார். உங்கள் மூவரில் யார் யாருக்கு வழிவிடுவது, கடைசிப் பகுதியை யார் ஓட்டுவது என்பதையெல்லாம் முந்தின நாளே கடற்கரையில் உட்கார்ந்து சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

மீதி சின்னச் சின்ன விஷயங்கள். குரல் கேட்டதும் தானே திறக்கிற மைக் நம் ஊருக்குச் சரிப்படாது. மே, ஜூன் வெயிலில் மின்விசிறி இல்லாமல் ஒருவரும் ஓட்ட முடியாது. விசிறி, காகம், பள்ளிவாசல் பாங்கு, கோயில் ஒலிபெருக்கி எல்லாமே உங்கள் மைக்கைத் திறந்துவிடும். இரைச்சலை வடிகட்டும் கிறிஸ்ப் வசதி டிஸ்கோர்டில் இருக்கிறது, உதவுகிறது, சில நேரம் சொல்லின் நுனியையும் சேர்த்து வடிகட்டிவிடுகிறது. நுனியில்தான் நம் மொழி என்ன வைத்திருக்கிறது என்று மேலே பார்த்தோம். பொத்தான்தான் நல்லது. டிஸ்கோர்ட் அமைப்புகளில் அட்டெனுவேஷன் என்று ஒன்று இருக்கும்: யாராவது பேசினால் மற்ற ஒலிகளைத் தாழ்த்துவது. அதைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். எஞ்சினியர் வாயைத் திறக்கும்போதெல்லாம் டயர் கீச்சிடும் சத்தமும் எஞ்சின் சத்தமும் அமுங்கிப்போனால், கியர் மாற்றுவதற்கும் பிடி நழுவுவதை உணர்வதற்கும் உங்களுக்கு இருக்கிற முக்கியமான வழி அடைபட்டுவிடும். ஒலி அளவைச் சரிபார்ப்பதும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான். மெனுவில் இனிமையாகக் கேட்ட குரல் பாதைக்குப் போனதும் கரைந்துபோகும்.

வருகிற சனிக்கிழமை இரவு ஒன்பதுக்குப் பிறகு நான் ஓய்வாக இருப்பேன். மூவரும் வந்தால் ஒரு மணி நேரம் ஓடிப் பார்க்கலாம், நான் எஞ்சினியராக இருக்கிறேன். விசிறியை மைக்கின் முதுகுப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வாருங்கள்.